கான் எந்தப் பக்கம் ஓடியது

உங்களுக்கு எதற்கு இந்தக் கதை? சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தீர்களா, என் வாயைக் கிளற வந்தீர்களா? முழங்கால் ஏலாது என்று வீட்டில் இருக்கிறவளை ஓட்டோ அனுப்பிக் கூப்பிட்டு, மீன் பணிஸும் பிளேன்டீயும் தந்து, "கொட்டாஞ்சேனை ஒழுங்கையில என்ன நடந்தது ஆச்சி, சும்மா சொல்லுங்கோ" என்று கேட்டால், அது சும்மா என்று நான் நம்புவேனா? இந்தக் கந்தோரை நடத்துகிற சேர்தான் உங்களில் ஒருவரை ஏவிவிட்டிருக்கிறார். இல்லாவிட்டால் அவரோடு வேலை செய்கிற துஷி ஏவியிருக்கிறாள். பணிஸ் தட்டை முதலில் என் பக்கம் தள்ளியது யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

சரி, சொல்கிறேன். பெயர்களை மாற்றித்தான் சொல்வேன். துஷியின் பெயரை மாற்ற முடியாது, அவள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்களைத் தேடிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போகாதீர்கள். அங்கே எல்லா ஒழுங்கையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எல்லா ஒழுங்கையிலும் ஒரு சண்டையும் இருக்கும்.

நான் இந்தக் கந்தோருக்கு வந்தது கூட்டித் துடைக்க. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டுவிட்டோம், இரண்டு பேருக்கும் அதில் கவலை இல்லை. அந்த நாளில் இங்கே இரண்டு கணினியும், ஒரு மின்விசிறியும், சேரும், துஷியும்தான். வீடியோவைக் கொடுத்தால் அந்த இடத்தையே கணினிக்குள் எழுப்பிக் காட்டுவார்கள். வீடென்றால் வீடு, கடையென்றால் கடை. கமராவோடு ஒருவர் மெல்ல நடந்துவந்தால் போதும். அந்தப் படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, சுவர் எங்கே, கதவு எங்கே, எவ்வளவு தூரம் என்று கணினி கட்டிவிடும். கனடாவில் இருக்கிற மகன் அங்கிருந்தபடியே பம்பலப்பிட்டியில் ஒரு ஃபிளாட்டுக்குள் சுற்றி நடந்து பார்த்து, சமைக்கிற குசினி சின்னது என்று குறை சொல்லலாம்.

கமராவோடு நடக்கிற வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் பெண்கள்தான். படுக்கையறைக்குள் கமராவோடு ஒரு பொடியனை யார் விடுவார்கள்? என்னை விட்டார்கள். கிழவி, பல்லும் பாதிதான், என்ன பார்த்துவிடப் போகிறாள் என்று நினைத்தார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

இந்த வேலைக்கு வேண்டியது சந்தேகம். அதைச் சேர் எனக்கு முதல் மாதமே காட்டித் தந்தார். ஒரு ஃபிளாட்டில் நான் நடந்து எடுத்த வீடியோவைப் போட்டபோது, படுக்கையறைச் சுவருக்கு அப்பால் இன்னொரு படுக்கையறை நின்றது. அதிலும் ஒரு கட்டில், ஒரு அலுமாரி. வாங்க நினைத்தவர் வெளிநாட்டிலிருந்து எடுத்து, அந்த அறையை ஏன் மறைக்கிறீர்கள் என்று சொந்தக்காரரோடு சண்டை போட்டார். உண்மையில் அது அலுமாரிக் கதவில் இருந்த நிலைக்கண்ணாடி. கணினிக்குக் கண்ணாடி தெரியாது. உள்ளே தெரிந்த அறையையும் அறை என்றே கட்டிவிட்டது. சேர் சிரிக்கவில்லை. கணினி தனக்குக் காட்டியதை நம்புகிறது, நாங்களும் சேர்ந்து நம்பினால் பிறகு இங்கே ஆட்கள் எதற்கு என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் எதையும் நம்புவதில்லை. சேரையும் சேர்த்துத்தான்.

இனி கொட்டாஞ்சேனை.

ஒரு காலை ராணி என்று ஒரு அம்மா படியேறி வந்தார். ஐம்பது தாண்டிய ஆள், இரண்டு கையிலும் ஆவி சுட்ட தழும்பு. வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். புருஷன் இல்லை. மகன் ஓட்டோ ஓட்டுகிறான், தாய் அவித்ததை விடியும்போது ஏற்றிக்கொண்டு போவதும் அவன்தான். மருமகள் ஷெரின் மாமியாரோடு நின்று மாப் பிழிகிறாள். ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. அந்த நாலு பேரின் வயிறும் அந்த இடியப்பத் தட்டில்தான்.

அவர்களுடைய வீடு தெருவோரத்தில் இல்லை. தெருவிலிருந்து ஒரு ஒழுங்கை நேரே உள்ளே போய் அவர்களுடைய வாசலில் முடிகிறது. உள்ளே போகும்போது இடக்கைப் பக்கம் பைப்கடை முதலாளி ஒருவரின் வீட்டு மதில். வலக்கைப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தின் மதில். இதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்: இடப்பக்கம் முதலாளி, வலப்பக்கம் களஞ்சியம்.

அந்த ஒழுங்கையில் முன்பு ஒரு கான் ஓடியது. மழைத்தண்ணி போகிற சின்ன வாய்க்கால். முதலாளியின் காணி உறுதிப் பத்திரத்தில் அவருடைய நிலம் கான் வரைக்கும் என்று எழுதியிருந்தது. கான் அவருடைய மதிலோடு ஒட்டி ஓடியிருந்தால் ஒழுங்கை அவருடையது இல்லை. களஞ்சிய மதிலோடு ஒட்டி ஓடியிருந்தால் ஒழுங்கை முழுக்க அவருடையது. சண்டை அவ்வளவுதான். சில வருடத்துக்கு முன்னால் ஒழுங்கை சேறாகிறது என்று அவரே வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி முழுக்கக் கொங்கிரீட் போடுவித்தார், அந்த வீட்டுக்கு அவர் குடிவந்தது அப்பா செத்த பிறகுதான். எல்லாரும் நன்றி சொன்னார்கள். கான் அடியில் போய்விட்டது. இப்போது, ஒழுங்கை என்னுடையது, தெருவாசலில் கேற் போட்டு உள்ளே பைப் அடுக்கப் போகிறேன், காலை எட்டு மணிக்குத் திறப்பேன், நடந்து போகிறவர்கள் போகலாம் என்கிறார்.

எட்டு மணிக்குப் புறப்படுகிற இடியப்பத்தை யார் சாப்பிடுவார்கள்? கேற் வந்தால் அந்த வீட்டில் அடுப்பு அணைந்தது என்றுதான் அர்த்தம்.

அக்கம்பக்கத்தாரைக் கேட்டால், முதலாளியிடம் கடனுக்குச் சாமான் எடுத்தவர்களுக்குக் கான் வலப்பக்கமாக ஓடியது. ராணியிடம் இடியப்பம் வாங்குகிறவர்களுக்கு இடப்பக்கமாக ஓடியது. இரண்டும் செய்கிறவர்களுக்கு ஞாபகமே இல்லை. உடைத்துப் பாருங்கள் என்றால், "என்ர கொங்கிரீட்டில ஒருத்தரும் கை வைக்க ஏலாது" என்று முதலாளி நின்றார். விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. அங்கே ராணி, என்னிடம் மகனுடைய கலியாண வீடியோ இருக்கிறது, அப்போது கொங்கிரீட் இல்லை என்றார். அதிலிருந்து ஒழுங்கையை எழுப்பிக் காட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் சம்மதித்து எங்களிடம் அனுப்பினார்கள். முதலாளி அவ்வளவு கெதியாகச் சம்மதித்தது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

ராணி தந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் தெருவில் காரால் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்து வருகிறார்கள். வீடியோக்காரர் முன்னும் பின்னுமாக, பக்கத்திலும் சாய்ந்து, வாசல்வரைக்கும் விடாமல் கூடவே நடந்து எடுத்திருக்கிறார். இந்த வேலைக்கு அதுதான் தங்கம். ஒரே இடத்தில் நின்று எடுத்தால் கணினி ஒன்றும் கட்டாது. நடந்தால்தான் கட்டும். மற்றப் பகுதிகள் எல்லாம் தட்டில் பலகாரம், சிரிக்கிற மாமாமார், அழுகிற குழந்தை. ஒழுங்கைக்கு இந்த ஒரு துண்டுதான் இருந்தது.

ஆனால் இரண்டு மதிலும் தெரியவில்லை. கலியாணத்துக்கு வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். மேலே வெள்ளை, இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் வெள்ளை, வாசலில் வாழைமரம். நிலத்தில் மட்டும் ஒரு ஓரமாகக் கான் தெரிந்தது. அங்கங்கே பலகை போட்டு மூடியிருந்தது.

அதோடு பொருத்திப் பார்க்க இப்போதைய ஒழுங்கையையும் எடுக்க வேண்டும். நான் போனேன். வெறும் சீமெந்து மதிலைக் காட்டினால் கணினிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் குழம்பும் என்று நான் எப்போதும் ஸ்டிக்கர் பொட்டு கொண்டுபோவேன். மதிலில் அங்கங்கே ஒட்டிவிட்டு நடப்பேன். முதலாளியின் மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, கிழவி மதிலில் சிவப்புப் பொட்டு வைக்கிறாள், செய்வினை செய்கிறாள் என்று இறங்கி வந்து, ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் கூட்டுகிற தும்புத்தடியுமாக நின்றா. பொட்டு எவ்வளவு சின்னதோ வினையும் அவ்வளவு சின்னது, பயப்படாதீர்கள் என்றேன். அது உதவவில்லை.

நான் கமராவோடு நடக்கும்போது மருமகள் ஷெரின் ஜன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு மெல்லக் கேட்டாள். "ஆச்சி, அந்தக் கலியாண வீடியோதான் வேணுமோ? வேற ஒண்டும் சரிவராதோ?"

"ஏன் பிள்ளை, அதில நீ வடிவில்லையோ?"

சிரிக்கவில்லை. தெருவரைக்கும் கூடவே வந்தாள், திரும்பவும் அதையே கேட்டாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக் கந்தோர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே அவளைப் பற்றித்தான் யோசித்தேன். தன்னுடைய வீட்டுக்கு வழி கிடைக்கிற சாட்சியை ஒரு பெண் வேண்டாம் என்று ஏன் நினைப்பாள்? முதலாளி அவளிடம் ஏதோ கதைத்திருக்கிறார். வேறு இடத்தில் வீடு பார்த்துத் தருகிறேன், மாமியாரை விட்டுத் தனியே போகலாம் என்று ஆசை காட்டியிருப்பார். இப்படி முழுக் கதையையும் மனதுக்குள் கட்டிவிட்டேன். கணினியைவிடக் கெதியாக நான் கட்டுவேன்.

கந்தோருக்கு வந்தால் மேசையில் ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸ். முதலாளி கொடுத்துவிட்டாராம். சேர் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். நான் அதைப் பிடுங்கிக் கீழே தையல்கடைக்குக் கொடுத்தேன். அந்த றோல்ஸுக்காக அவர் இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை.

துஷி ஒழுங்கையை எழுப்பி முடித்தாள். நல்ல சுத்தமான வேலை. வெள்ளைத்துணி, வாழைமரம், நிலம் எல்லாம் நின்றது. தெருப்பக்கமிருந்து உள்ளே பார்த்தோம். கான் வலப்பக்கம். களஞ்சிய மதிலோடு ஒட்டி. முதலாளி சொன்னதேதான்.

ராணி வந்து பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எவ்வளவுக்கு விலைபோனீங்கள்?" என்றார். சேர் ஏதோ சொல்லத் தொடங்கினார். "அந்தக் கானுக்குப் பக்கத்தில இருந்து நான் முப்பது வருஷம் தட்டுக் கழுவினனான். அது முதலாளியின்ர மதிலோடதான் ஓடினது. உங்கட கம்ப்யூட்டர் எப்ப கொட்டாஞ்சேனைக்கு வந்தது?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். படியில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை சபை. எங்கள் முன்னால் இருந்தது இதுதான்: கணினி ஒன்று சொல்கிறது, வயிற்றெரிச்சலோடு ஒரு பெண் இன்னொன்று சொல்கிறாள். துஷி எல்லாவற்றையும் திரும்பவும் சரிபார்த்தாள். பிழை இல்லை. சேர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். பிழை இல்லாத வேலையை எப்படிப் பிழை என்று சொல்வது? இதே நிலைமை உங்களுக்கும் வரும், வராமல் போகாது. அப்போது ஒரு மனம் சொல்லும், நாங்கள் எங்கள் வேலையைச் செய்தோம், மிச்சம் அவர்கள் பாடு என்று. அந்த மனத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

நான் கைப்பையை எடுத்தேன். எங்கே என்று சேர் கேட்டார். இடியப்பம் வாங்கப் போகிறேன் என்றேன்.

ஷெரின் பின்பக்கம் தனியே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"முதலாளி உனக்கு என்ன தாறன் எண்டவர்?"

அவள் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, நான் பஸ்ஸில் கட்டியதெல்லாம் காற்று. அவளுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. விளங்கினதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் குந்திக்கொண்டு அழுதாள். அழுதழுது சொன்னாள்.

அவள் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவ வீடு. சைவ வீட்டுக்குள் வருகிறாள் என்று கலியாணத்துக்கு முன்னமே முணுமுணுப்பு. முணுமுணுத்தவர்களுக்குத் தலைவி ராணியின் அக்கா, பெரிய மாமி. வாசலில் வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று நூறு தரம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசலுக்கு வரும்போது கூறைச்சேலையின் கரை செருப்பில் மாட்டியது. விழாமல் இருக்கப் பார்த்ததில் இடது கால் உள்ளே போய்விட்டது. கூட்டத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வீடியோக்காரர் சரிபார்க்கச் சொல்லிக் காட்டியபோது, அவர் காலைத்தான் கிட்டப் பிடித்து எடுத்திருந்தார். கெஞ்சினாள். அவர், இது சின்ன வேலை தங்கச்சி, படத்தைத் திருப்பிவிட்டால் இடது வலதாகும் என்றார். வாசலில் மட்டும் திருப்பினால் வெட்டுத் தெரியும் என்று, தெருவிலிருந்து வாசல்வரைக்கும் அந்தத் துண்டு முழுவதையும் திருப்பிவிட்டார்.

"கலியாணம் முடிஞ்சு கொஞ்ச மாசத்தில மாமா நெஞ்சுவலி வந்து செத்துப்போனார் ஆச்சி. அதுக்குப் பிறகு நான் எப்படிச் சொல்லுறது? என்ர இடக்கால்தான் அவரைக் கொண்டுபோனது எண்டு பெரிய மாமி சொல்லுவா. மாமிக்கும் அப்பிடித்தான் படும்."

"இப்ப என்ன செய்யப் போறாய்?"

மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லத்தான் போறன். ஒழுங்கை போனா நாங்கள் எல்லாரும் போனம்தானே."

அவள் கழுவி வைத்த தட்டை எடுத்து அடுக்கினேன். பிறகு சொன்னேன், "நாளைக்கு நீ வாயைத் திறந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும். பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு பேசாமல் இரு."

கந்தோருக்கு வந்து, அந்தத் துண்டு திருப்பிப் போட்டது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று துஷி கேட்டாள். உனக்கெதற்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கணினிக்கு அது தெரிய வழியே இல்லை என்றாள். திருப்பின படமும் ஒழுங்கான படம்தான், ஒழுங்கை நேரானது, இரண்டு பக்கமும் ஒரே துணி, எப்படிப் போட்டாலும் பொருந்தும். ஆனால் நாங்கள் திரும்பியது என்று சொன்னால் சபை நம்ப வேண்டுமே? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே போனாள். திடீரென்று கையைத் தூக்கித் தன் தோளைத் தொட்டாள். காற்சட்டையும் சேட்டும் போடுகிற பிள்ளை, தோளில் ஒன்றும் இல்லை. ஆனால் தோழியின் கலியாணத்துக்கு முதல் தரம் சேலை கட்டி, முந்தானையை எந்தத் தோளில் போடுவது என்று தெரியாமல் கஷ்டப்பட்டது அதற்குச் சில நாள் முன்னால்தான். வீடியோவில் மணப்பெண், தோழி, பின்னால் வந்த அத்தனை பெண்களும் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம், கானைப் பார்த்தோம். தோளை ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு பள்ளிக்கூட மண்டபம். சபையில் மூன்று பேர், நடுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். ஒரு பக்கம் ராணி, மகன், பிள்ளையோடு ஷெரின், அவர்களுக்குப் பின்னால் பெரிய மாமி நிமிர்ந்து. மற்றப் பக்கம் முதலாளியும் மனைவியும். அந்த அம்மா என் கையைப் பார்த்தா, பொட்டு இருக்கிறதா என்று.

துஷி ஒழுங்கையைக் காட்டினாள். கான் வலப்பக்கம். முதலாளி கதிரையில் சாய்ந்தார். பிறகு துஷி, ஆனால் இந்தப் படம் திரும்பியிருக்கிறது என்று முந்தானையைக் காட்டினாள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டவந்து பார்த்தார். குனிந்து தன் தோளைப் பார்த்தார். திரும்பி மண்டபத்தில் சேலையோடு இருந்த ஒவ்வொருத்தியின் தோளையும் பார்த்தார். முதலாளியின் மனைவிகூடத் தன் முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டா.

முதலாளி விடவில்லை. எழுந்து நின்று, மரியாதையாகத்தான் கேட்டார். "சரி. திரும்பினது எண்டே வைப்பம். ஆர் திருப்பினது? எப்ப திருப்பினது? அதைச் சொல்லுங்கோ."

நியாயமான கேள்வி. ஷெரின் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு எழும்பப் பார்த்தாள். பக்கத்தில் துஷி, கேட்ட கேள்விக்கு உண்மை சொல்கிற பிள்ளை, "அது டிவிடியிலேயே..." என்று தொடங்கினாள். மேசைக்கு அடியில் அவளுடைய காலை மிதித்தேன். என் செருப்பின் கனம் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கும்.

"நாங்கள்தான் தம்பி," என்றேன். "எங்கட கந்தோரில படத்தைப் போடேக்க இடம் வலமா மாத்திப் போட்டுட்டம். நேத்துத்தான் கண்டுபிடிச்சனாங்கள்."

சொன்னபிறகுதான் சேரைப் பார்த்தேன். காது சிவந்துவிட்டது. அவருடைய பெயர், அவருடைய கந்தோர், சபையின் முன்னால் நான் அதில் சேற்றைப் பூசிவிட்டேன். இந்த வேலையில் ஒரு தரம் பிழை விட்டோம் என்று பரவினால் அடுத்த ஆள் வரமாட்டான். அவருக்குக் காரணமும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், பாதி எழுந்து நின்ற ஷெரினைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ஓம். எங்கட பக்கம் நடந்த பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

ஷெரின் மெல்ல உட்கார்ந்தாள். எனக்கு வேலை கற்றுத் தந்த மனிதன் செய்ததில் பெரியது அதுதான். அவர் பிறகும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

முதலாளிக்கு இதில் திருப்தி இல்லை. இப்படியும் திருப்பி அப்படியும் திருப்பிக் கதை சொல்கிறீர்கள், உங்களை எப்படி நம்புவது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பிறகு அவரே சொன்னார், உடைத்துப் பார்ப்போம், களஞ்சிய மதிலோரமாக உடையுங்கள், கான் அங்கேதான் கிடக்கும் என்று. தன் கொங்கிரீட்டில் யாரும் கைவைக்க ஏலாது என்ற மனிதன், கடையிலிருந்து தானே ஆளைக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதன் இவ்வளவு நாளும் பொய் சொல்லவில்லை. தான் சொன்னதை உண்மையாக நம்பியிருக்கிறார். றோல்ஸ் வெறும் றோல்ஸ்தான்.

எல்லாரும் ஒழுங்கைக்குப் போனோம். வலப்பக்கம் உடைத்தார்கள். கீழே கல்லும் மண்ணும், இறுகிப்போன நிலம். முதலாளி இன்னும் கொஞ்சம் தள்ளி உடைக்கச் சொன்னார். அங்கேயும் மண். டீச்சர் இடப்பக்கத்தைக் கையால் காட்டினார். முதலாளியின் சொந்த மதிலோரம். அங்கே அடித்தவுடன் சத்தமே வேறு, வெறும் பானையில் தட்டியது மாதிரி. பலகை தெரிந்தது. பலகைக்குக் கீழே கான்.

முதலாளி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பா எனக்கு வேற மாதிரித்தான் சொன்னவர்," என்றார், யாருக்கும் சொல்லாமல். பிறகு ராணியைப் பார்த்து, "கேற் போடேல்லை. நீங்கள் ஓட்டோவை விடுங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உடைத்த இடத்தையும் அவரே பூசிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சபைக்குப் பொய் சொன்னீர்களே ஆச்சி என்று உங்களில் ஒருத்தி வாயைத் திறக்கப் பார்ப்பது தெரிகிறது. கான் எங்கே என்று கேட்டார்கள், உள்ள இடத்தைக் காட்டினோம், அதில் ஒரு நூலும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மற்றது ஒரு பெண்ணின் காலைப் பற்றியது. அது சபைக்கு வேண்டாதது. கான் வேறு வழியால் தெரியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் கேட்பீர்கள். அவள் எழும்பியிருப்பாள். நானும் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இப்படியான இடத்தில் உங்களுக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் கிடைக்கும். அதற்குள் யாருக்கு எது வலிக்கும் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவைக் கொண்டுவருகிறவரைக் கள்ளர் என்று சந்தேகப்படாதீர்கள், நான் பட்டு ஏமாந்தேன். இந்தப் படத்தில் இவர்களுக்கு மறைக்க என்ன இருக்கும் என்று சந்தேகப்படுங்கள். கலியாண வீடியோ என்றால் கட்டாயம் ஏதாவது இருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு ராணி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினார்.

"உங்கட கம்ப்யூட்டர் ஒண்டும் திருப்பேல்லை, என்ன?"

நான் சாத்தின கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்டைக்கு வாசலில ஆலாத்தித் தட்டோட நிண்டது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? நான்தானே. குனிஞ்சு அவளின்ர காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். இடது கால்தான். விழப் போனவள், நான்தான் முழங்கையில பிடிச்சனான். பிறகு வீடியோவில வலது கால் வருது. பிள்ளை ஆரையோ பிடிச்சுக் காலை மாத்திப்போட்டுது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சனிக்கிழமை எங்களை அந்தப் பேச்சுப் பேசினீங்கள்?"

"காலை மட்டும் மாத்தினது எண்டுதான் நினைச்சனான் ஆச்சி. காலோட ஒழுங்கையும் சேர்ந்து திரும்பும் எண்டு ஆருக்குத் தெரியும்?" அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அவர் செத்தது அவரின்ர நெஞ்சால. அவளின்ர காலால இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரியவேண்டாம். வெக்கப்படுவாள். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

இத்தனை வருடம் ஒரே குசினியில், ஒரே இடியப்ப உரலில் மாப் பிழிந்த இரண்டு பேர். ஒருத்தி மறைக்கிறாள், மற்றவள் அவள் மறைப்பதை மறைக்கிறாள். இதற்குள் நான் போய் எல்லாரையும் கள்ளர் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வெளியே வந்தால் ஒழுங்கை வாசலில் அக்கம்பக்கத்துச் சனம் கூடி நிற்கிறது. முதலாளியிடம் கடனுக்கு எடுத்தவர்களும், இடியப்பம் வாங்குகிறவர்களும், இரண்டும் செய்கிறவர்களும். எல்லாருக்கும் முன்னால் பெரிய மாமி, இடுப்பில் கை. பின்னால் ஷெரின் நிற்கிறாள் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. அது எப்படிக் கணினி பிழை விடும், அது எப்படித் தானாக இடம் வலமாகும், இதில் ஏதோ இருக்கிறது என்று பெரிய மாமி கேட்டா. அந்த அம்மாவும் என்னுடைய இனம்தான், மூக்கு நல்லாக வேலை செய்கிறது.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கம்ப்யூட்டர் வாங்கி நாலு வருஷம்தான் ஆகுது," என்றேன். "நாலு வயசில நீங்கள் செருப்பை மாத்திப் போடேல்லையோ?"